கழிப்புக் கழித்த கார்

கார் வாங்கப் போகிற இடத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்பது என் கணவரின் கொள்கை. கேட்டால் விற்கிறவரின் மனம் நோகுமாம். இதே மனிதர் கத்தரிக்காய் வாங்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார், காம்பைக் கிள்ளிப் பார்ப்பார், கடைக்காரரோடு கொளுவிவிட்டுத்தான் பையில் போடுவார். கத்தரிக்காய் விற்கிறவர் துருக்கிக்காரர், அவருக்கு மனம் நொந்தால் பரவாயில்லை. கார் விற்கிறவர் அண்ணை.

அண்ணை என்றால் இவரோடு கூடப் பிறந்தவர் அல்ல. இவர் அகதியாக டோர்ட்மண்டுக்கு வந்த காலத்தில் தன்னுடைய ஒற்றை அறையில் படுக்க இடம் கொடுத்தவர். இவருடைய முதல் வேலையும் முதல் குளிர்ச்சட்டையும் அவர் கொடுத்தவை. நான் கலியாணம் பேசி வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் மாலையோடு நின்ற இரண்டு பேரில் உயரமானவர் அவர். மாமா மாமி கரைச்சல் இல்லாத இடம் என்று ஊரில் சிநேகிதிகள் பொறாமைப்பட்டார்கள். அவர்களுக்கு அண்ணையைத் தெரியாது. வீட்டுக்கு எந்தச் சோபா, மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம், சுவருக்கு என்ன நிறம், எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் முடிவாகும். எனக்குப் பிடிக்காத ஒரு நீலச் சுவரோடு நான் பதினைந்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தேன்.

நான் வயோதிபர் இல்லங்களில் வேலை செய்கிறவள். நெடுங்காலம் உதவியாளராக இருந்தேன். மகள் படித்து முடித்து ஹனோவருக்கு வேலைக்குப் போன பிறகு, அவளுடைய பழைய மேசையிலேயே உட்கார்ந்து அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து, மூன்று வருடம் படித்து, தாதியாகச் சித்தியடைந்தேன். அதற்குப் பிறகு மலைப்பக்கத்தில் உள்ள ஓர் இல்லத்தில் ஒரு முழுத் தளத்துக்கும் பொறுப்பாக வரச் சொல்லிக் கேட்டார்கள். மற்றவர்களுக்கு வேலை சொல்லுகிற வேலை. எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஆனால் காலை வேலை ஆறு மணிக்குத் தொடங்கும், அந்த நேரத்துக்கு அந்த மலைக்கு பஸ் கிடையாது. முதல் ஆறு மாதம் சோதனைக்காலம், அதற்குள் காரணம் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம். ஆக, கார் இருந்தால் வேலை இருக்கும். எங்களிடம் கார் இல்லை. நான் எடுத்த லைசென்ஸ் பெட்டிக்குள் கிடந்தது, இவர் எடுக்கவே இல்லை. எங்கே போவதென்றாலும் அண்ணை ஏற்றிக்கொண்டு போவார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணை தன்னுடைய மின்சாரக் காரை எனக்குத் தருவதாக அறிவித்தார். தனக்கு இனிப் பெரிய கார் தேவையாம். என்னுடைய சேமிப்புக்குச் சரியாக வருகிற விலை சொன்னார். கார் இளம் பச்சை நிறம், மாங்காய்த் தோல் மாதிரி. டோர்ட்மண்டில் வேறு எந்தத் தமிழரிடமும் அந்த நிறத்தில் கார் இல்லை.

என்னோடு வேலை செய்த ஜேர்மன்காரி ஒருத்தி, பாவித்த மின்சாரக் கார் வாங்கினால் முதலில் பற்றரியைச் சோதித்துப் பார், மற்றதெல்லாம் பிறகு என்று சொல்லியிருந்தாள். நான் அதை மெல்ல எடுத்துவிட்டேன்.

"அண்ணை, பற்றரியை ஒருக்காக் கராச்சில காட்டிப் பாப்பமோ?"

மேசைக்குக் கீழே இவர் என் காலை மிதித்தார். அண்ணை சிரித்தார்.

"என்ன தங்கச்சி, நான் உனக்குக் கள்ளச் சாமானோ தரப்போறன்?"

"சீச்சீ, அவ சும்மா கேக்கிறா அண்ணை," என்றார் இவர். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குத் தனியாகப் பூசை நடந்தது. "அந்த மனுசனிட்டப் போய் நொட்டை பிடிக்கிறீர். நாளைக்கு நான் எந்த முகத்தோட அங்க போறது?"

வாங்குகிற நாளையும் நேரத்தையும் அண்ணையே பார்த்து வைத்தார். ராகு காலம் தொடங்க முன்னம் கையெழுத்து வைத்துவிட வேண்டும். அதனால் நான் ஓட்டிப் பார்த்தது பக்கத்துச் சூப்பர்மார்க்கெட்டைச் சுற்றி ஒரு வட்டம்தான். ஒரு ஜேர்மன் ஒப்பந்தத்தை எங்கிருந்தோ அச்சடித்து வைத்திருந்தார். பார்த்தபடி வாங்கியது, உத்தரவாதம் இல்லை என்று அதில் இருந்தது. "உது சும்மா முறைக்கு," என்றார் அண்ணை. நானும் முறைக்குக் கையெழுத்து வைத்தேன்.

கோயிலுக்குக் கொண்டு போய் ஒரு வாகனப் பூசை செய்வோம் என்று நான் கேட்டபோது, இவர் வேண்டாம் என்றார்.

"அது அண்ணை முந்தியே செய்திட்டார்."

"அவர் செய்தது எனக்குச் செல்லுமோ?"

"செல்லும் செல்லும்."

புதிதாக வாங்கின சோற்றுப் பானைக்கே அர்ச்சனை செய்கிற ஆள் இப்படிச் சொன்னது எனக்கு விசித்திரமாகத்தான் பட்டது. ஆனால் புதுக் கார், புது வேலை. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

கோடை முழுவதும் கார் வடிவாக ஓடியது. சத்தம் இல்லை, மணம் இல்லை. காலையில் மலைப் பாதையில் தனியே போகும்போது பழைய பாட்டெல்லாம் உரத்துப் பாடுவேன். இல்லத்துத் தரிப்பிடத்தில் சார்ஜ் போடுகிற கம்பம் இருந்தது, அதில் மாட்டிவிட்டு உள்ளே போவேன். என் தளத்தில் இருந்த கிழவர்கள் ஜன்னலால் பார்த்து, பச்சைக் கார்க்காரி வந்துவிட்டாள் என்று ஒருவருக்கொருவர் சொல்வார்கள். என் சீவியத்தில் எனக்கென்று, எனக்கு மட்டும் என்று இருந்த முதல் பெரிய சாமான் அந்தக் கார். சந்தோசமாக இருந்தேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

குளிர் தொடங்கிய பிறகு ஒரு நாள் காலை, ஏற்றத்தின் நடுவில், டாஷ்போர்டில் ஓர் ஆமை வந்தது.

சின்ன மஞ்சள் ஆமை, எச்சரிக்கை விளக்காக எரிகிற ஒரு படம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கார் ஆமையின் சொல்லுக் கேட்கத் தொடங்கியது. எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் வேகத்துக்கு மேல் போகவில்லை. பற்றரி பாதிக்கு மேல் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது, பார்த்துக்கொண்டிருக்கக் கடகடவென்று கீழே விழுந்தது. பின்னால் மரம் ஏற்றின லொறி. அவன் ஹோர்ன் அடிக்க, நான் "அடப் பாவி, நான் என்ன செய்ய" என்று தமிழில் கத்த, ஆமை அசையாமல் இருந்தது. ஓரத்தில் நிற்பாட்டி, கொஞ்சம் விட்டு, திரும்ப ஓட்டி, இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு வேலைக்காரி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஜேர்மன்காரர் ஒன்றும் சொல்லாமல் நிற்பது ஏச்சை விட மோசம்.

அடுத்த கிழமை திரும்பவும் ஆமை. இந்த முறை இல்லத்தின் தலைவி என்னை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுசி, கோப்பி ஊற்றித் தந்துவிட்டுத்தான் கதைத்தார். "உங்கள் வேலையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இரவு ஆள் போக ஏலாமல் நின்றால் நான் வேலை ஒழுங்கை மாற்ற வேண்டிவரும். சோதனைக்காலம் நடக்கிறது, உங்களுக்குத் தெரியும்தானே. இன்னொரு தரம் வேண்டாம்." நான் தலையாட்டினேன். வெளியே வந்து துணி வைக்கிற அறைக்குள் நின்று அழுதேன். அந்த வயதில், அந்த மூன்று வருடப் படிப்புக்குப் பிறகு, ஒரு ஆமையால் வேலை போகப் போகிறது.

கராச்சில் காட்டினேன். மெக்கானிக் வயரைக் கொளுவிப் பார்த்துவிட்டு, பற்றரிக்குள் ஒரு தொகுதி செல்கள் பலவீனம், குளிரிலும் ஏற்றத்திலும் இழுக்க ஏலாமல் விழுகிறது என்றான். கம்பனி உத்தரவாதம் முடிந்துவிட்டது. திருத்துகிற செலவுக்கு இதைப் போல இன்னொன்று வாங்கலாம். "போன குளிருக்கும் இதைக் காட்டியிருக்கும்," என்று போகிற போக்கில் சொன்னான்.

அந்தச் சொல் எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. சட்ட ஆலோசனை சொல்கிற ஓர் அம்மணியிடம் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுத்துப் போனேன். அவர் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: உத்தரவாதம் இல்லை என்று தனியாள் எழுதலாம். ஆனால் பழுது இருப்பது தெரிந்தே மறைத்திருந்தால் அந்த வரி செல்லாது, காரைத் திருப்பிக் கொடுக்கலாம். "அவருக்குத் தெரியும் என்று சொல்ல உங்களிடம் யாராவது இருக்கிறார்களா?"

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"அண்ணைக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார்.

"போன குளிருக்கும் காட்டியிருக்குமாம்."

"அவன் வெள்ளைக்காரன், வாய்க்கு வந்ததைச் சொல்லுவான். அண்ணை எங்களைப் பேய்க்காட்டுவாரே? என்ன விசர்க் கதை கதைக்கிறீர்." சொல்லிவிட்டு எழும்பிப் போய் பல்கனியில் நின்றார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. நான் அதை அண்ணை மேல் உள்ள மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் கோயிலுக்குப் போனேன். கார் விசயமாக அல்ல, மனம் சரியில்லை என்று போனேன். எங்கள் கோயில் தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது, ஒரு பக்கம் ரயர்க் கடை, மறு பக்கம் தளபாடக் களஞ்சியம். நான் காரை நிற்பாட்டி இறங்க, ஐயர் வேட்டிக்கு மேல் தடித்த ஜாக்கெட்டோடு வாழைப்பழப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். காரைக் கண்டதும் நின்றார்.

"என்ன பிள்ளை, ஆமை பிறகும் வந்ததோ?"

"என்ன ஆமை ஐயா?"

"இந்தக் காருக்குள்ள ஆமை வந்ததெல்லோ. போன தைப்பொங்கலுக்குப் பிறகு கொண்டு வந்தவை. வாகனத்துக்குள்ள ஆமை காணுறது நல்லதில்லை எண்டு அவருக்குச் சரியான பயம். தோசம் போகக் கழிப்புக் கழிச்சுத் தரச் சொல்லிக் கேட்டவர். தேசிக்காய் ரயருக்குக் கீழ வச்சு, நீத்துப்பூசணிக்காய் உடைப்பிச்சு, எல்லாம் வடிவாச் செய்துதான் விட்டனான்."

"ஆர் ஐயா கொண்டு வந்தது?"

"கார்க்காரரும் உங்கட அவரும். பூசணிக்காயை உடைச்சதே உங்கட அவர்தான். உடைச்ச உடைவில நிலமெல்லாம் வழுக்கி, ரயர்க் கடைக்காரன் சண்டைக்கு வந்திட்டான். நான்தான் கூட்டிக் கழுவினனான்." ஐயர் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினார். "ஏன் பிள்ளை, உங்களுக்குத் தெரியாதோ?"

"இல்லை ஐயா," என்றேன்.

உள்ளே போகவில்லை. காருக்குள் ஏறி இருந்தேன். பற்றரி பழுதானதை அண்ணை கராச்சில் காட்டவில்லை, பிள்ளையாரிடம் காட்டியிருக்கிறார். பிறகு கோடை வந்து வெயில் எறிக்க ஆமை தானாகப் போயிருக்கிறது. கழிப்புப் பலித்தது என்று இரண்டு பேரும் சந்தோசப்பட்டு, அதே கையோடு என் தலையில் கட்டியிருக்கிறார்கள். இது எல்லாம் எனக்கு விளங்கியது. அண்ணை மேல் எனக்குப் பெரிதாகக் கோபம் கூட வரவில்லை. அவர் யார்? யாரோ ஒருவர். ஆனால் நான் தினமும் எழும்பிச் சோறு கட்டிக் கொடுத்த மனிசன் பூசணிக்காய் உடைத்திருக்கிறார்.

வீட்டுக்குப் போனேன். இவர் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் சப்பாத்தைக் கூடக் கழற்றவில்லை.

"நீங்கள் பூசணிக்காய் உடைச்சனீங்களோ?"

எந்தப் பூசணிக்காய் என்று அவர் கேட்கவில்லை. கத்தியை வைத்தார். வெங்காயத்தைப் பார்த்தபடியே நின்றார்.

"வேலை போகப்போகுது எண்டு அழுதனான். லொறிக்காரனுக்கு முன்னால செத்திருப்பன். நீங்கள் பல்கனியில நிண்டு மழை பாத்தனீங்கள்."

"அது கழிச்சாச்சு எண்டுதான் நினைச்சனான்..."

"வாயை மூடுங்கோ," என்றேன். கலியாணம் கட்டின நாள் முதல் அவருக்கு நான் அப்படிச் சொன்னதில்லை. "ஞாயிற்றுக்கிழமை அண்ணை வீட்டை போறம். நீங்களும் வாறீங்கள். வந்து, கதைக்கிறதும் கதைக்காததும் உங்கட விருப்பம்."

போனோம். அண்ணை வழக்கம் போலத் தன் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி வந்தது, ரோல்ஸ் வந்தது. நான் ரோல்ஸைத் தொடவில்லை. கார் பழுது, நீங்கள் திருப்பி எடுக்க வேண்டும் என்றேன். அண்ணை ஆச்சரியப்பட்டார், நல்லாகத்தான் ஆச்சரியப்பட்டார்.

"நான் தரேக்க ஒரு பிழையும் இல்லையே தங்கச்சி. நீ மலைக்கு ஓடி ஓடிப் பழுதாக்கியிருப்பாய்."

"ஆமை?"

"என்ன ஆமை? எனக்கு ஒரு ஆமையும் தெரியாது. உன்ர மனிசனைக் கேள்." அவர் இவர் பக்கம் திரும்பினார். "சொல்லடா தம்பி. உனக்குத் தெரியுமோ ஏதும் ஆமை?"

கேட்ட விதத்தில் கொஞ்சமும் பயம் இல்லை. பதில் என்ன வரும் என்று அவருக்கு நிச்சயம். எனக்கும் ஏறக்குறைய நிச்சயம்தான். நான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, திங்கட்கிழமை வேலையை நானே விட்டுவிடுவதாக எப்படிச் சொல்வது என்று ஜேர்மனில் வசனம் அடுக்கத் தொடங்கினேன்.

"ஓம் அண்ணை," என்றார் இவர். "நானும் நீங்களும்தானே கோயிலுக்குக் கொண்டு போனனாங்கள்."

அண்ணையின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"கழிச்சாச்செல்லோடா! கழிச்ச பிறகு அதை ஏன் சொல்லுவான்?"

"நிக்கேல்லையே அண்ணை. திரும்ப வந்திட்டுதே."

"அப்ப நீ ஏன் சொல்லேல்லை?" அண்ணை எழும்பிவிட்டார். "பூசணிக்காய் உடைச்சவன் நீ. ஒரே வீட்டில படுக்கிறாய், ஒரே சட்டியில தின்னுறாய். நீ உன்ர மனிசிக்குச் சொல்லேல்லை. நான் ஏன் சொல்ல வேணும்?"

அந்த மனுசன் அன்று சொன்னதில் அது ஒன்றுதான் நியாயம், அது எனக்கு நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது.

நான் சாவியை மேசையில் வைத்தேன். அந்த அம்மணி சொன்னதைச் சொன்னேன், சாட்சி இருக்கிறது என்றும் சொன்னேன். அண்ணை பெரிய ஆள், கோயில் சபையில் இருக்கிறவர், வழக்கு என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. காசு திரும்பி வந்தது. "இனி இந்த வாசல்படி மிதிக்காதை," என்று இவருக்குத்தான் சொன்னார், எனக்கு அல்ல. நாங்கள் பஸ் தரிப்புக்கு நடந்தோம். இவர் எனக்கு ஓரடி பின்னால் வந்தார். பஸ்ஸுக்குள் ஜன்னலால் பார்த்துக்கொண்டு சத்தம் இல்லாமல் அழுதார். எனக்குப் பாவமாக இருந்தது, ஆனால் கையைப் பிடிக்க மனம் வரவில்லை.

அடுத்த நாள் விடுப்பு எடுத்து, பகல் பஸ்ஸில் போய், தலைவியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பூசணிக்காயை மட்டும் விட்டுவிட்டேன், அதற்கு ஜேர்மனில் எனக்கு விளக்கம் வராது. இல்லத்தின் மேல்மாடியில் வேலையாட்களுக்கென்று ஓர் அறை சும்மா கிடந்தது, வேறு கார் கிடைக்கும் வரை அங்கே தங்கச் சொன்னார். ஆறு நாள் வேலை என்றால் ஆறு நாளும் அங்கேதான். சோதனைக்காலம் முடிந்தது. வேலை நிரந்தரமானது.

இவர் வீட்டில் தனிய. ஞாயிற்றுக்கிழமைகளில் போக இடமில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் எனக்கு டெலிபோன் எடுக்கத் தொடங்கினார். டெலிபோனில் "ம்" என்பதற்கு மேல் கதைத்து அறியாத மனுசன், பட்டியல் போட்டுச் சொல்வார். குசினிக் குழாய் ஒழுகுது. நீர் ஆசையா வச்சிருந்த கோப்பை உடைஞ்சு போச்சு, நான்தான் உடைச்சனான். முழங்கால் நோகுது, இப்ப இல்லை, போன வருசத்தில இருந்து. கன்டீனில என்னோட வேலை செய்யிற ஆளுக்கு உமக்குத் தெரியாமல் கடனாக் காசு குடுத்தனான். நான் "ம்" என்பேன்.

ஒரு நாள் பட்டியல் முடிந்தும் அவர் வைக்கவில்லை.

"அண்டைக்கு ஏன் சொல்லேல்லை எண்டு நீர் இன்னும் கேக்கேல்லை."

"சொல்லுங்கோ."

"சொன்னா நீர் வாங்க மாட்டீர். வாங்காட்டி அண்ணைக்கு என்ன சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டே இருந்தனான். கனநாள் யோசிச்சனான்." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "உமக்கு என்ன நடக்கும் எண்டு ஒரு நாளும் யோசிக்கேல்லை. நினைவிலயே வரேல்லை."

நான் கட்டிலில் இருந்தேன். கீழே என் தளத்தில் யாரோ மணி அடித்தார்கள், வேறு ஆள் போனாள். இவ்வளவு காலமும் அவர் என்னிடம் சொன்னவற்றில் ஆக உண்மையானது அதுதான் என்று தெரிந்தது, எனக்கு அது தாங்க முடியாமல் இருந்தது. ஏச வாயைத் திறந்தேன், ஏச்சு வரவில்லை.

"லைனில நிக்கிறீரோ?" என்றார்.

"நிக்கிறன்," என்றேன்.